சில்லுமூக்கு

பள்ளிக்கூட மைதானத்திலும் ஆற்று மணலிலும் சிறு வயதில் நாங்கள் போட்ட சண்டைகளில் தவறாது ஒலித்த மிரட்டல் ஒன்று உண்டு. "சில்லுமூக்க ஒடச்சுப்புடுவேன்" என்பது அது. சொன்னவர் எவரும் உடைத்ததாக நினைவில்லை. ஓட்டாஞ்சில்லு, கண்ணாடிச் சில்லு, சில்லுச் சில்லாக நொறுங்குதல் என்று உடைந்ததையும் உடையப்போவதையும் குறிக்கும் ஒரு சொல் மூக்கோடு வந்து ஒட்டிக்கொண்டதை அன்று யோசித்ததில்லை. பிற்பாடு தமிழ் படித்து, அதையே கற்பித்துப் பிழைக்க வந்த பிறகும் யோசித்ததில்லை. எளிதில் உடையும் ஓரிடம் மூக்கினுள் உண்மையாகவே இருக்கிறது என்பதை அறிய எங்களுக்கு நாற்பது வயது கடக்க வேண்டியிருந்தது. ஒரு மலைக்குளிர்காலமும் வேண்டியிருந்தது.

நாங்கள் என்பது நான்கு பேர். கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர் ஒருவர், அவருடைய துணை, ஒன்பது வயதுப் பையன், பையனின் அப்பாயி. 2023 ஜூனில் பணிமாற்றலாகிக் காவிரிப் படுகையிலிருந்து உதகமண்டலத்துக்குக் குடிவந்தோம். சுவரில் கை வைத்தால் ஈரம், பாயைச் சுருட்டினால் ஈரம், உப்பு ஜாடியைத் திறந்தால் ஈரம் என்று வாழ்ந்தவர்கள் நாங்கள். வந்த புதிதில் மலையும் எங்களை ஏமாற்றவில்லை. ஆடியும் ஆவணியும் சாரலிலேயே கழிந்தன. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவம் வந்தது. துணி காயவில்லை என்பதே அன்றைய பெருங்குறை.

மார்கழி பாதியில் வானம் வெளுத்தது. பகலெல்லாம் கண்ணைக் கூச வைக்கும் வெயில், ஒரு துண்டு மேகம் கிடையாது. இரவில் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்ந்த பகுதிகளின் புல்வெளிகள் உறைபனியில் வெள்ளையாகிவிடும். (இங்குள்ளவர்கள் நீர்ப்பனி, உறைபனி என்று இரண்டாகப் பிரித்துப் பேசுகிறார்கள். எங்கள் ஊரில் பனி என்றால் பனிதான்.) தேயிலைக் கொழுந்து கருகுகிறது, தாவரவியல் பூங்காவில் பூச்செடிகளுக்கு மிலார் கொண்டு மூடாக்குப் போடுகிறார்கள் என்றெல்லாம் செய்தி வரும். பனி என்பது நீர்தானே, நீர் இவ்வளவு இருக்கும்போது வறட்சி எங்கிருந்து வரும் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். உதடு வெடித்தது. குதிகால் பிளந்தது. பையனின் கம்பளிச் சட்டையைக் கழற்றினால் படபடவென்று பொறி பறந்தது. அப்போதும் புரியவில்லை.

குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் என்று வகுத்த தொல்காப்பியம், பாலைக்கு வேனிலோடு பின்பனியையும் உரியதாக்கியிருப்பதை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி வருகிறோம். பாலை என்றால் கொளுத்தும் வெயில், அதில் பனிக்கு என்ன வேலை என்று மாணவர் கேட்டால், பிரிவுத் துயரைப் பனியும் கூட்டும் என்று உரை மரபையொட்டி ஒரு விடை கைவசம் இருந்தது. அந்த விடை தவறன்று. ஆனால் பனிக்காலமும் ஒருவகை வறட்சிக் காலந்தான் என்பதை நாசியால் அறிந்தவர்களாக நாங்கள் அதைச் சொன்னதில்லை.

கணக்கு எளியது. குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியாது. உறைநிலையில் உள்ள ஒரு கன மீட்டர் காற்று, நிறைய நிறையக் கொண்டாலும் ஏறத்தாழ 5 கிராம் நீரைத்தான் வைத்திருக்கும். அதே காற்று வீட்டுக்குள் வந்து, அறைக் கணப்பால் 20 பாகை வெப்பத்துக்கு ஏறும்போது அதற்கு 17 கிராம் வரை கொள்ளளவு உண்டாகிவிடுகிறது. இருப்பதோ பழைய 5 கிராம். மீதிக்கு அது எங்கு ஈரம் கண்டாலும் உறிஞ்சும். நுரையீரலுக்குப் போய்ச் சேருவதற்குள் அந்தக் காற்று உடல் வெப்பத்துக்கு வந்து, கன மீட்டருக்கு 44 கிராம் அளவுக்கு ஈரமாக வேண்டும். அந்தக் கடனில் பெரும்பங்கை அடைப்பது மூக்கு. இரவு முழுவதும் மின்கணப்பை எரியவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, குழந்தைக்குக் கதகதப்பாக இருக்கிறது என்று மகிழ்ந்து உறங்கிய நாங்கள், அவன் மூக்கை அடுப்போரத்தில் உலர்த்திக்கொண்டிருந்தோம்.

2024 ஜனவரி முதல் வாரத்தில் ஒரு விடியற்காலை. "அப்பா, மூக்கு ஒழுகுது" என்றான். சளி என்று நினைத்து, விளக்கைப் போடாமலே துண்டை எடுத்துத் துடைத்தோம். துடைக்கத் துடைக்க வெதுவெதுப்பாக வந்தது. விளக்கைப் போட்டபோது தலையணை, துண்டு, எங்கள் கைகள் யாவும் சிவப்பு.

அப்புறம் நடந்தது எல்லாம் செய்யக் கூடாதவை. எங்களில் ஒருவர் அவன் தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்தோம். ஒருவர் பஞ்சைத் தேடி ஓடினோம். அப்பாயி எழுந்து வந்தார். ஒரு கணம் வாசலில் நின்று பார்த்தார். பிறகு குளியலறைக்குப் போய், அந்தக் குளிரில், ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அவன் உச்சந்தலையில் ஊற்றினார். வெங்காயத்தை நசுக்கி மூக்கருகே பிடித்தார். "அண்ணாந்துக்க ராசா, அண்ணாந்துக்க" என்றவர், இரண்டாவது முறை ராசா என்று சொல்லவில்லை. வேறொரு பெயரைச் சொல்லி அழைத்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் வீட்டில் எவரும் வாய்விட்டுச் சொல்லியிராத பெயர் அது.

பையன் நடுங்கினான். சற்று நேரத்தில் குமட்டி, கரும்சிவப்பாகக் கட்டி கட்டியாக வாந்தி எடுத்தான். வயிற்றிலிருந்தும் இரத்தம் வருகிறது என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம். அண்ணாந்த தலையின் வழியாகத் தொண்டைக்குள் இறங்கி, அவன் விழுங்கிய இரத்தமே அது என்பதைப் பிறகுதான் அறிந்தோம். கால் மணி நேரத்தில் ஒழுக்கு தானாக நின்றது. நாங்கள் செய்தவற்றால் நின்றது என்று அப்பாயி நம்பினார். நாங்கள் எதையும் நம்பும் நிலையில் இல்லை.

அந்த மாதத்தில் மட்டும் ஏழு முறை வந்தது. பள்ளியில் இரண்டு, வீட்டில் ஐந்து. அப்பாயி தம் வைத்தியத்தைத் தொடங்கினார். பின்புறத்துப் புல்தரையில் அருகம்புல்லைத் தேடி, அதில் பாதி அருகே அன்று என்று தூக்கி எறிந்து, மீதியை இடித்துச் சாறெடுத்தார். நெல்லிக்காய் வாங்கி வரச் சொன்னார். மாதுளம்பூ கிடைக்குமா என்று அண்டை வீடுகளில் விசாரித்தார். வாரம் இருமுறை உச்சியில் விளக்கெண்ணெய். யாவும் உடற்சூட்டைத் தணிப்பவை. "இந்தக் குளுருல எங்கேருந்தும்மா சூடு வரும்?" என்று கேட்டதற்கு, "வெளிய குளுந்தா உள்ள கொதிக்கும்யா. கெணத்துத் தண்ணி மார்கழியில சுடல?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

இவற்றை நகைத்து ஒதுக்க எங்களுக்கு மனமில்லை. தேடிப் பார்த்தபோது, சரக சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதியில் இரத்தபித்தத்தைப் பற்றிய இயல் கிடைத்தது. குருதி ஒழுகும் மூக்கில் விடுவதற்கு அங்கு சொல்லப்படும் பொருள்களில் திராட்சைச் சாறு, கரும்புச் சாறு, பால் ஆகியவற்றோடு அருகம்புல் சாறும் வெங்காயமும் மாதுளம்பூ நீரும் இருக்கின்றன. எழுத்தறியாத எங்கள் அப்பாயியின் அஞ்சறைப்பெட்டிக்கும் அந்த வடமொழி நூலுக்கும் இடையில் எத்தனை வாய்கள், எத்தனை அடுப்படிகள் இருந்திருக்கும் என்று எண்ணி வியந்தோம். ஆனால் வியப்பு வேறு, ஒழுகும் மூக்கு வேறு. நெல்லிக்காய் தின்பதில் தீங்கு ஒன்றுமில்லை. இடித்த புல்லின் சாற்றைக் காய்ச்சாமல் வடித்து, புண்பட்ட மூக்கில் விடுவதில் தீங்கு உண்டு. அதை மட்டும் கையைப் பிடித்துத் தடுத்தோம். அவர் இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை.

அவர் கோபம் சாற்றைப் பற்றியது அன்று என்பது எங்களுக்குத் தெரியும்.

1991. அப்பாயிக்கு ஒரு மகள் இருந்தாள். எங்களுள் ஒருவருக்குத் தங்கை. ஒன்பது வயது. கோடை விடுமுறையில் சில்லுமூக்கு உடைந்தது. வெயிலில் ஆடியதால் சூடு என்றார்கள். உச்சியில் தண்ணீர் ஊற்றினார்கள், நின்றது. மறுபடியும் வந்தது, மறுபடியும் ஊற்றினார்கள். கால்களில் அங்கங்கே நீலம் பாரித்தது. எங்கோ விழுந்திருப்பாள் என்றார்கள். பல் துலக்கும்போது ஈறு கசிந்தது. வெளுத்துப் போனாள், சோகை என்றார்கள். ஆடி மாதம் காய்ச்சல் விடாமல் அடித்தபோது தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். இரத்தப் புற்று என்று சொன்னார்கள். தீபாவளிக்கு அவள் இல்லை. எவர் மீதும் பிழை சொல்வதற்கில்லை. அந்த நாளில் அந்த ஊரில் வேறு எப்படியும் நடந்திருக்காது என்றே நினைக்கிறோம். ஆனால் முதல் நாள் முற்றத்தில் உட்காரவைத்து அவள் தலையில் தண்ணீர் ஊற்றியவர் அப்பாயி. தண்ணீர் ஊற்றினால் நின்றது என்பதையும், நின்றதால் மூன்று மாதம் கழிந்தது என்பதையும் அவர் மறக்கவில்லை. அவளுடைய படம் வீட்டில் கிடையாது. பெயரும் இல்லாமற் போயிற்று.

ஆகவே 2024 ஜனவரியில் அந்த வீட்டில் மூன்று பெரியவர்கள் ஒரே பயத்தை ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் வைத்திருந்தோம். இரவில் பையன் உறங்கிய பிறகு போர்வையை விலக்கி அவன் கால்களில் நீலம் இருக்கிறதா என்று பார்த்தோம். ஒருநாள் அப்படிப் பார்க்கப் போனபோது, அப்பாயி ஏற்கெனவே அங்கு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் போர்வையைச் சரிசெய்வது போல எழுந்து போனார். மறுநாள் மருத்துவரிடம் போனோம்.

காது மூக்குத் தொண்டை மருத்துவர், எங்களை விட இளையவர். அவர் முதலில் மூக்கைப் பார்க்கவில்லை. ஈறைப் பார்த்தார், கால்களைப் பார்த்தார், கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவினார், வயிற்றை அழுத்தினார். காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, வீட்டில் யாருக்கேனும் இரத்தம் எளிதில் உறையாத வாகு உண்டா என்று கேட்டார். குடும்பக் கதையைச் சொன்னோம். அவர் எங்களைத் தேற்றவில்லை. ஓர் இரத்தப் பரிசோதனை எழுதினார். "இல்லாமலே சொல்லிவிடலாம், ஆனால் இருந்தால் நீங்கள் தூங்குவீர்கள்" என்றார். அந்தப் பகல் எப்படிக் கழிந்தது என்பதை எழுதப் போவதில்லை. மாலை வந்த தாளில் எல்லா எண்களும் இருக்க வேண்டிய எல்லைக்குள் இருந்தன. தட்டணுக்களின் எண்ணிக்கையை நாங்கள் மூன்று முறை வாசித்தோம். அப்பாயி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். அதில் எதுவும் அவருக்குப் புரிந்திராது. மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார்.

அதன் பிறகே மருத்துவர் சொன்னவை எங்கள் காதில் விழத் தொடங்கின. இரு நாசிகளையும் பிரிக்கும் நடுச்சுவரின் முன்பகுதியில், விரல் நுனி தொடும் தொலைவில், பல தமனிகளின் நுண்கிளைகள் வந்து பின்னிக்கொள்ளும் ஓரிடம் இருக்கிறது. மேலே மெல்லிய சவ்வு, கீழே உடனே குருத்தெலும்பு. அமெரிக்க அறுவை மருத்துவர் லிட்டில் 1879-இலும் ஜெர்மானியரான கீசல்பாக் 1884-இலும் அதை விவரித்தமையால் இருவர் பெயராலும் அவ்விடம் அழைக்கப்படுகிறது. குழந்தைகளுக்கு வரும் மூக்குக் குருதியில் மிகப் பெரும்பாலானது அங்கிருந்து வருவதே. எங்கள் ஊர்ப் பையன்கள் அதற்குச் சில்லுமூக்கு என்று பெயர் வைத்து எவ்வளவு காலம் ஆயிற்றோ, அதைக் கணக்கில் எடுப்பவர் இல்லை.

வறண்ட காற்றில் அச்சவ்வு உலர்ந்து பொருக்குத் தட்டுகிறது. பொருக்கு அரிக்கிறது. குழந்தையின் விரல் அங்கு போகிறது, உறக்கத்திலும் போகும். பொருக்கு பெயர்ந்தால் அடியிலுள்ள நாளம் திறக்கிறது. ஆறும்போது மீண்டும் பொருக்கு, மீண்டும் அரிப்பு. ஏழு முறையும் ஏழு நோய்கள் அல்ல, ஆறவிடப்படாத ஒரே சிறு புண்.

குருதி வரும்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைச் சற்று முன்னால் கவிழ்த்து, மூக்கின் எலும்பு முடிந்து மெத்தென்று தொடங்கும் பகுதியைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் இரு பக்கமும் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். வாயால் மூச்சு. வாய்க்குள் வருவதை விழுங்காமல் துப்ப வேண்டும். பத்து நிமிடம், கடிகாரம் பார்த்து. நடுவில் விரலை எடுத்து, நின்றுவிட்டதா என்று பார்க்கக் கூடாது. பார்த்தால் கட்டத் தொடங்கிய உறைவு பெயர்ந்துபோகும். மறுபடி முதலிலிருந்து பத்து நிமிடம். நிற்காவிட்டால் இன்னொரு பத்து. அதற்கும் நிற்காவிட்டாலும், கொட்டுவது போல வந்தாலும், அடிபட்டு வந்தாலும், மயக்கமோ வெளுப்போ தெரிந்தாலும் மருத்துவமனை. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்ணும் முதியவர்களுக்கு வந்தால் இவ்வளவு பொறுக்கவும் வேண்டாம். வேறிடங்களில் கசிவோ நீலமோ காய்ச்சலோ சேர்ந்து வந்தாலும் அதுவே. ஒரே நாசியில் மட்டும் துர்நாற்றத்தோடு வந்தால், குழந்தை பட்டாணியையோ பாசிமணியையோ உள்ளே வைத்திருக்கக்கூடும்.

பத்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அதுவரை நாங்கள் அறியோம். அடுத்த முறை வந்தபோது மூன்றாம் நிமிடத்திலேயே விரலை எடுத்துப் பார்த்தோம். படித்தவர்கள், விளக்கம் கேட்டு வந்தவர்கள், குறிப்பு எழுதி வந்தவர்கள். வழிந்தது. குருதியைக் கண்டு கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதென்பது எதையும் செய்யாதிருப்பது போல இருக்கிறது. தண்ணீர் ஊற்றுவதும் வெங்காயம் நசுக்குவதும் ஓடுவதும் எதற்காக என்று அப்போது விளங்கியது. தவிர, ஒரு தேக்கரண்டிக் குருதி தலையணை உறையில் விரியும் விரிவு கண்ணை ஏமாற்றுவது. இருபத்தைந்து கிலோ எடையுள்ள பையனின் உடலில் கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் ஓடுகிறது என்ற கணக்கை அந்நேரத்தில் யார் போட்டுப் பார்க்கிறார்கள்?

வராமல் காப்பதற்கு நாங்கள் கைக்கொண்டவற்றில் பாதி வீட்டிலேயே இருந்தவை. மின்கணப்பை உறங்கும் முன் அணைத்துவிட்டு இன்னொரு கம்பளி போர்த்தினோம். (கரிக்கணப்பை மூடிய அறைக்குள் வைத்து உறங்குவதைக் கனவிலும் நினைக்கலாகாது. அதனால் உறக்கத்திலேயே உயிர் போனவர்களைப் பற்றி மலையூர்களின் செய்தியாக நாங்கள் வாசித்திருக்கிறோம்.) துவைத்த துணிகளைப் படுக்கையறைக்குள் கொடி கட்டிக் காயவைத்தோம். பருவமழையில் காயாத துணி எங்களுக்குத் தொல்லை. இப்போது அதே ஈரத் துணி அறைக்கு மருந்து. கொதிக்க வைத்து ஆறிய கால் லிட்டர் நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்து, நாள்தோறும் புதிதாக, காலையும் மாலையும் இரண்டிரண்டு சொட்டு. பொருக்கு இளகி வந்தது. கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் குனிந்து ஆவி பிடிப்பதை மருத்துவர் வேண்டாம் என்றார், குழந்தைகள் வெந்துபோகிறார்கள். நகத்தை ஒட்ட வெட்டினோம்.

எண்ணெய்தான் அப்பாயியையும் மருத்துவரையும் ஒரே கட்சியில் சேர்த்தது. மருத்துவர் களிம்பு ஒன்று எழுதியிருந்தார். அது தீர்ந்த பிறகு வாசலின் தடவலாம், இல்லையேல் தேங்காயெண்ணெயே போதும் என்றார். 24, 25 பாகைக்குக் கீழே தேங்காயெண்ணெய் உறைந்துவிடும். எங்கள் ஊரில் மார்கழிக் காலையில் மட்டும் கல்லாகும் அது, இங்கு குளிர்காலம் முழுவதும் வெண்ணெய் போல இருக்கிறது. நெல்லளவு எடுத்து, நாசியின் உள்விளிம்பில் வைத்து, வெளியிலிருந்து இலேசாக அமுக்கிவிட்டால் உடல் சூட்டில் உருகி நடுச்சுவரில் தானே பரவுகிறது. சொட்டுச் சொட்டாக ஊற்றுவது தவறு. எண்ணெய் மூச்சுவழியில் இறங்கினால் நுரையீரலுக்குக் கேடு. "தொட்டு வைக்கணும், ஊத்தக் கூடாது, அவ்வளவுதான? கண்ணுக்கு மை வைக்கிற மாதிரி" என்றார் அப்பாயி. அன்றிரவு முதல் அந்த வேலையை அவர் எடுத்துக்கொண்டார். அருகம்புல் சாறு மூக்கிலிருந்து விலகிப் பையனின் வயிற்றுக்குப் போயிற்று. அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தான்.

ஆயினும் தண்ணீர்ச் செம்பை விட அவருக்கு மனம் வரவில்லை. அழுத்திப் பிடிப்பதையும் பழக்கினோம். முதலில் எலும்பின் மேலேயே பிடித்தார். அங்கு பிடித்தால் எதுவும் நிற்காது என்று அவர் மூக்கிலேயே எங்கள் விரலை வைத்துக் காட்டினோம். "சரி சரி" என்றார். நம்பினாரா என்று தெரியவில்லை.

பிப்ரவரி நடுவில் ஒருநாள் தேர்வுப் பணியால் நாங்கள் இருவரும் வீடு திரும்ப இருட்டிவிட்டது. கதவு திறந்திருந்தது. கூடத்தில் பையன் முக்காலியில் முன்குனிந்து உட்கார்ந்திருந்தான். மடியில் துண்டு, கீழே ஒரு கிண்ணம். அப்பாயி எதிரில் தரையில் அமர்ந்து, சரியான இடத்தில், இரு விரல்களால் அவன் மூக்கைப் பிடித்திருந்தார். எங்களைப் பார்த்து மற்றக் கையால் சும்மா இருங்கள் என்று காட்டினார். சுவரில் கடிகாரம் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. அவருக்கு மணி பார்க்க வராது.

அவர் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சிறுமி, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அடுத்தவர் தோட்டத்துப் பனங்கிழங்குப் பாத்தியில் கைவைத்து, தோட்டக்காரர் துரத்த, வாய்க்காலில் குதித்து, பாவாடை முழுக்கச் சேறாக வீட்டுக்கு வந்த கதை. கிழங்கை மட்டும் கைவிடவில்லையாம். எங்களுள் ஒருவருக்கு அந்தக் கதை தெரியும். அந்த வாய்க்காலில் கூடக் குதித்தவர் அவர். கதவருகிலேயே நின்றுவிட்டோம்.

கதை முடிந்ததும் அப்பாயி விரலை எடுத்தார். நின்றிருந்தது. பின்னால் விசாரித்தபோது, கதையை நிதானமாகச் சொன்னால் பத்து நிமிடம் ஆகிறது என்று ஒருநாள் பகலில் பையனிடம் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லித் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். அன்றைக்கு மூக்கு ஒழுகவில்லை, வெறும் கதை.

"அந்தப் புள்ள யாரு அப்பாயி?" என்று கிண்ணத்தை எடுத்துப் போகும்போது பையன் கேட்டான்.

"ஒங்க அத்த" என்றார். பெயரையும் சொன்னார்.

மாசி கழிந்து கோடை மழையின் முதல் தூறல் விழுந்தபோது அந்த ஆண்டின் தொல்லை ஓய்ந்தது. அடுத்த குளிர்காலத்தில் இரண்டு முறை மட்டும் வந்தது. இப்போது அவனே பிடித்துக்கொள்கிறான். குளியலறைக்கு ஓடுவதில்லை, எங்களை எழுப்புவதுமில்லை. துண்டை எடுத்துக்கொண்டு அப்பாயியின் கட்டிலோரம் போய், முன்குனிந்து உட்கார்ந்து, மூக்கை அழுத்திப் பிடித்து, வாயால் மூச்சு விட்டபடி அவரைப் பார்த்துத் தலையசைப்பான். அவர் எழுந்து உட்கார்ந்து, போர்வையை அவன் மீதும் இழுத்துப் போட்டுவிட்டு, போன முறை விட்ட இடம் எது என்று கேட்பார்.